விழா நாயகர்

இரும்பு ஏணியின் அடியில் செருப்புகள் ஜோடி சேர்த்துக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்குள் கைக்கடிகாரம். இன்னொன்றுக்குள் செல்போன், அடித்து அடித்து ஓய்ந்துகொண்டிருந்தது.

"சாரோட செருப்புதானம்மா?" என்று கேட்டார் முகம்மது மைதீன். அந்த மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். அவர்தான் போன் போட்டு ஆறுமுகத்தாயை வரவழைத்திருந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவள் கணவர் ஆவுடையப்பனின் செருப்புகளேதான். முப்பத்திரண்டு வருஷம் நகராட்சியில் உழைத்து, இன்றோடு ஓய்வு பெறுகிற பொறியாளர். இன்னும் சற்று நேரத்தில் மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. விடிந்ததும் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் வீடு திரும்பவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் வெயில் கண்ணைக் குத்தியது. ஆள் தெரியவில்லை.

"நான் ஏறிப் பார்க்கட்டாம்மா?"

"வேண்டாம்ண்ணே. உங்களைக் கண்டதும் ஏதாவது செஞ்சுக்கிட்டாவன்னா?"

மைதீன் திடுக்கிட்டார். "ஏம்மா அப்படிச் சொல்லுதிய? சாருக்கு என்ன கொறை?"

"சாப்பாடு எறங்கி நாலு நாளாச்சு, அண்ணே. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் கெடையாது. விடியுமுன்னே குளிக்கப் போனவங்க உள்ளே பேசுத சத்தம் கேட்டுச்சு. போன் வெளியே கட்டில்லதான் கெடந்துது. 'தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோகும்படி நடந்திருந்தா மன்னிச்சுக்கிடுங்க, எல்லார்கிட்டேயும் விடைபெறுதேன்'னு ரெண்டு மூணு தடவை சொன்னாவ. குரல் அப்படி நடுங்குது."

"என்னன்னு கேட்டியளா?"

"கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டு வந்துட்டாவ."

வீட்டிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். மனசில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஓய்வு பெறுகிற அன்றைக்கே ஏதாவது பழியைப் போட்டு வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம். அப்படிப்பட்ட கதைகளை அவளும் கேட்டிருக்கிறாள். இவர் நேர்மையான ஆள்தான். ஆனால் நேர்மையான ஆளுக்குத்தானே அவமானம் தாங்காது?

செருப்புக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள். உதவிப் பொறியாளர் மாரிச்செல்வம்.

"அம்மா, எங்கன இருக்கிய? மண்டபம் நெறஞ்சுபோச்சு. எங்க தெருவுக்குத் தண்ணி கொண்டாந்த மகராசன்னு பொம்பளையாளுங்க வேன் பிடிச்சு வந்திருக்காவ. மாலை வைக்க எடமில்ல. சார்கிட்ட கொஞ்சம் குடுங்களேன்!"

அவள் போனை அணைத்தாள். அங்கே மாலை. இங்கே...

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் காலை வைத்தாள். பரண் மீது ஏறவே ஆள் பிடிக்கச் சொல்லுகிறவள்.

"அம்மா, வேண்டாம்! தலை சுத்தும்!" மைதீன் கீழே நின்று கைகளை ஏந்திக்கொண்டு பதறினார்.

பாதி ஏறியதும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கண்ணைத் திறந்தால் பூமி சாய்ந்தது. கண்ணை மூடினால் அவர் குரல் கேட்டது. விடைபெறுதேன். விடைபெறுதேன். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

"ஏங்க! இருக்கியளா? ஒரு சத்தம் குடுங்க!"

புறா ஒன்று படபடத்துப் பறந்தது. வேறு சத்தமில்லை.

பிறகு, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. வெறுங்கால். அது காற்றில் தொங்கியது.

"ஐயோ! அசையாதீங்க!"

"ஏட்டி, நீ எதுக்கு ஏறி வாரே? விழுந்து தொலைக்கவா? அங்கனயே நில்லு!" மேலிருந்து அவர் குரல் உடைந்து வந்தது.

உயிரோடு இருக்கிறார். அவளுக்கு அழுகை பீறிட்டது. "நீங்க வந்தாத்தான் நானும் எறங்குவேன். இல்லைன்னா ரெண்டு பேருமே இங்கன கெடப்போம்!"

"என்னால முடியாதுட்டி. என்னை விட்டுரு."

"என்ன முடியாது? வேலையில யாரும் பழி போட்டுட்டாங்களா? போட்டா போடட்டும். பென்ஷன் வராட்டியும் கஞ்சி குடிச்சுக்கிடலாம். ஊரே சிரிச்சாலும் நான் கூட நிப்பேன். நீங்க மட்டும் எனக்கு வேணும். எறங்கி வாங்க!"

மேலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி. நாலு நாளா மனசைத் தேத்திப் பாக்கேன். நெனச்சாலே ஈரக்கொலை நடுங்குது. இந்தத் தொட்டி உச்சியிலே எத்தனை மழையில நின்னிருப்பேன்? ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை."

"யாருக்குப் பயப்படுதிய? பேரைச் சொல்லுங்க! நான் போய்க் கேக்கேன்!"

கைப்பிடிக்கு மேலே அவர் தலை மெல்ல எட்டிப் பார்த்தது. வியர்வையில் நெற்றித் திருநீறு வழிந்திருந்தது. மைதீனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மேடையில ஏறி என்னை அரைமணி நேரம் மைக்குல பேசச் சொல்லுதானுவட்டி!"