அடுத்த கேள்வி உனக்கு

"நூறு வருஷப் போர் மொத்தம் எத்தனை வருஷம்டா நடந்தது?"

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே ஆரம்பித்துவிட்டான் சரித்திரம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இது நண்பர்கள் வைத்தது. ஆள் கிடைத்தால் போதும், கேள்வி கேட்டே உயிரை வாங்குவான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மெக்கானிக், பின்சீட்டில் இருந்த டெய்லரைக் கண்ணாடி வழியே பார்த்தான். நீயே பதில் சொல்லித் தொலை என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நூறு," என்றான் டெய்லர்.

"தப்பு. நூத்திப் பதினாறு."

"அளவெடுக்காமலே பேர் வெச்சிருக்கானுங்க."

சரித்திரம் சிரித்தான். மற்ற இருவராலும் சிரிக்க முடியவில்லை.

காலையில் சரித்திரத்தின் அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டிருந்தார். "மாமா போயிட்டாருப்பா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீங்க ரெண்டு பேரும் போய் அவனை ஆபீஸ்லேருந்து கூட்டிட்டு வந்துடுங்க. விஷயத்தைச் சொல்லிடாதீங்க. உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஆபீஸ் வாசலில், "அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம், வாடா" என்று சொல்வதற்குள் மெக்கானிக்குக் குரல் உடைந்துவிட்டது. இருமிச் சமாளித்தான். சொந்த அப்பாவின் முகமே தெரியாதவன் அவன். அவனுக்காகப் பெண் கேட்டுப் போனதும், கல்யாணத்தில் பக்கத்தில் நின்றதும் இந்த மனிதர்தான். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அழுதால் சரித்திரத்துக்குத் தெரிந்துவிடுமே!

அவனை அறியாமலே கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கியது.

"மெதுவாப் போடா. அப்பா எங்க ஓடிப் போயிடப் போறாரு?" என்றான் சரித்திரம்.

மெக்கானிக் வேகத்தைக் குறைத்தான்.

"அடுத்த கேள்வி உனக்கு. நெப்போலியனைக் கடைசியா எந்தத் தீவுல கொண்டுபோய் வெச்சாங்க?"

"தெரியலடா."

"யோசிச்சுச் சொல்லு. எல்பா இல்ல, அங்கேருந்துதான் தப்பிச்சு வந்துட்டாரே."

"தெரியலன்னா விடேன்!"

"விட மாட்டேன். செயின்ட் ஹெலினா. எங்க, நீ ஒரு தடவை சொல்லு."

"செயின்ட் ஹெலினா," என்றான் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் போன் அலறியது. அக்கா வீட்டுக்காரர்தான். பார்க்காததுபோல் துண்டித்தான். யார், என்ன என்று கேட்டுவிடுவானோ என்று ஓரக்கண்ணால் பார்த்தான். சரித்திரமோ அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"உலகத்துல முதன்முதலா தபால் தலை வெளியிட்ட நாடு எது?"

டெய்லருக்குப் பொறுக்கவில்லை. "வாயை மூடுடா! பெத்த அப்பாவுக்கு முடியலன்னு கூட்டிட்டுப் போறோம். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? வீட்டுக்கு ஒரு போன் போட்டியா? தபால் தலையாம், தபால் தலை! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

சரித்திரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரில் சத்தம் அடங்கியதுதான் தாமதம், மெக்கானிக்கின் கண் நிறைந்துவிட்டது. சாலை கலங்கித் தெரிய, வண்டி ஓரமாக இழுத்துக்கொண்டு போனது.

"இங்கிலாந்து!" என்று கத்தினான் சரித்திரம். "ரோட்டைப் பாருடா. பெர்லின் சுவர் எந்த வருஷம் இடிஞ்சுது? எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா? உன்னைத்தான் கேக்குறேன், சொல்லு!"

"எண்பத்தொன்பது."

"சபாஷ். முதல் உலகப் போர் எப்ப ஆரம்பிச்சது?"

டெய்லர் தலையில் அடித்துக்கொண்டான். அதன்பின் தெருமுனை வரும்வரை சரித்திரம் ஓயவே இல்லை. போர்கள், ராஜாக்கள், மூழ்கிய கப்பல்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டான். மெக்கானிக் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

தெரு திரும்பியதும் தூரத்தில் வீடு தெரிந்தது. வாசல் கொள்ளாமல் ஆட்கள். இனி மறைக்க வழியில்லை. மெக்கானிக் வண்டியை ஓரம் கட்டினான்.

"டேய்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா..."

சரித்திரம் கையை நீட்டி, சாவியைத் திருகி எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு நண்பனின் தோளை இறுகப் பிடித்தான்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அம்மா போன் பண்ணிட்டாங்கடா. 'அப்பா போயிட்டாரு. வண்டி ஓட்டிட்டு வர்ற புள்ளைக்கு இப்பத் தெரிய வேணாம், அவன் தாங்க மாட்டான். வீடு வந்து சேர்ற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டே வா'ன்னாங்க. எனக்கு வேற என்னடா பேசத் தெரியும்?"