மானகிரி மனைக்கு என்ன நிறம்?

குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் காரைக்குடிக்கு, வெள்ள அபாய வரைபடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றதும் ஊரே சிரித்தது. புரோக்கர் சத்தியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது தொழில்.

வரைபடத்தில் பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் வெள்ளம் வரும். கட்டட அனுமதி கிடையாது, பேங்கில் லோன் கிடையாது, மனையைச் சீந்த ஆள் கிடையாது.

மானகிரிக் கண்மாய்க் கரையை ஒட்டி வள்ளியப்பனுக்கு ஒரு மனை இருந்தது. வரைவு வரைபடத்தில் பளிச்சென்ற பச்சை. அந்த இடத்தில் தன் மனைவி பெயரில் 'உமையாள் மகால்' என்று கல்யாண மண்டபம் கட்டுவதாக மாமனார் வீட்டில் சத்தியமூர்த்தி வாயை விட்டிருந்தான். கட்டாவிட்டால் அங்கே முகத்தில் முழிக்க முடியாது. வள்ளியப்பன் சொன்ன விலையோ, மாமனாரையே விற்றாலும் எட்டாது.

ஆகவே, வரைபடத்துக்கு வண்ணம் போடும் ஒப்பந்தக் கம்பெனி இருளாண்டியைச் செக்காலையில் ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனான்.

"அந்த ஒத்த மனையை மட்டும் செவப்பாக்கிருங்க தம்பி."

இருளாண்டி லெக் பீஸிலிருந்து தலை தூக்கினான். "எல்லாரும் பச்சைதானேண்ணே கேப்பாக?"

"எனக்குச் செவப்புதான் ராசி."

மேசைக்கடியில் ஒரு கவர் கை மாறியது. அடுத்து வெளியான வரைபடத்தில் மனை மிளகாய் வற்றல் நிறத்தில் இருந்தது.

சத்தியமூர்த்தி துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு கோட்டையூரில் வள்ளியப்பன் வீட்டுக்குப் போனான். "என்னண்ணே இப்பிடி ஆயிருச்சு. இனிமே யாரு வாங்குவா? நீங்க சங்கடப்படுறதப் பாக்க முடியல. நானே எடுத்துக்கிறேன்."

"கண்மாய் நெறஞ்சா தண்ணி உள்ள வந்துருமே தம்பி?"

"கண்மாய்க்குள்ள கிரிக்கெட்டுல்ல ஆடுறாய்ங்க."

வள்ளியப்பன் கண் கலங்கிக் கால்வாசி விலைக்குக் கையெழுத்துப் போட்டார். காப்பி வேறு கொடுத்தார்.

பத்திரம் பதிந்த கையோடு மறுபடியும் பிரியாணிக் கடை. மண்டபத்துக்கு அனுமதி வேண்டுமே.

"அடுத்த திருத்தத்துல பச்சையாக்கிருங்க தம்பி."

"ஆக்கிரலாம். மண்டபத்த மட்டும் ஆளுயரத்துக்கு மேல தூக்கிக் கட்டுங்கண்ணே."

"ஏன்?"

இருளாண்டி எலும்பை இலையோரம் வைத்தான்.

"அது மொதல்ல செவப்புதாண்ணே, வள்ளியப்பண்ணே கேட்டாகன்னு நாந்தான் பச்சையாக்கி வச்சிருந்தேன், நீங்க வந்து சொல்லவும் உள்ளபடியே விட்டுட்டேன்."