ஆறாத வெந்நீர்

அந்தக் குளிர்காலத்தில் ரஷ்யாவில் மூன்று பேர் தங்களை ஜார் என்று சொல்லிக்கொண்டார்கள். போலந்துப் படைவீரர்கள் தங்கள் இளவரசனே ஜார் என்று சத்தியம் வாங்க, தேவாலய வாசலில் நட்டிருந்த இரும்புச் சிலுவையை ஊராரை முத்தமிடச் சொன்னார்கள். முதலில் குனிந்த ரொட்டிக்காரன் யெர்மோலாயின் உதடு உறைந்த இரும்போடு ஒட்டிக்கொண்டது. அந்நேரம் குளம்புச் சத்தம் கேட்டது, போலந்துக்காரர்கள் ஓடிவிட்டார்கள். வந்த குதிரைவீரர்களிடம் கொடி இல்லை. யாருடைய ஆட்களென்று தெரியவில்லை.

"உன் ஜார் யாருடா?" ஈட்டி அவன் முதுகைத் தொட்டது.

மனைவி உஸ்தின்யா வெந்நீர்ச் செம்போடு ஓடிவந்தாள்.

"ஊத்தும்மா. வாயைத் தொறந்து பேரைச் சொல்லட்டும். தப்பான பேருன்னா தலை இருக்காது" என்றான் ஈட்டிக்காரன்.

யெர்மோலாய் கண்களை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான்.

"ரொம்பச் சுடுதுங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்றாள் உஸ்தின்யா. வெகுநேரம் கழித்தும் அதையே சொன்னாள். செம்புத் தண்ணீரின் மேல் பனிக்கட்டி படர்ந்திருந்தது.