பளிச் கடைக் குப்பைத்தொட்டி

"அந்தக் குப்பைத்தொட்டிக்கு ஒரு முடிவு கட்டாம இன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது" என்றார் பளிச்.

ஜூஸ் கடைக்காரர். எப்போது பார்த்தாலும் துணியும் கையுமாக மேசையைத் துடைத்துக்கொண்டே நிற்பவர் என்பதால் தெருவில் அந்தப் பெயர்.

முடிவு கட்ட வேண்டிய தொட்டி பக்கத்துக் கடையினுடையது. அதுவும் ஜூஸ் கடைதான். ஒரு பெண்பிள்ளை ஒற்றை ஆளாக நடத்துகிறாள். திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் பளிச்சின் வாடிக்கையில் பாதி அங்கே சாய்ந்துவிட்டது.

ஆனால் அவள் தொட்டியைச் சுற்றி எந்நேரமும் தேனீக்கூட்டம். நேற்று ஜூஸ் குடிக்க வந்த டீச்சரை உதட்டிலேயே கொட்டிவிட்டது. பாவம், முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது.

பளிச்சுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"புகார் கொடுத்துட்டேன். சுகாதார ஆபீசர் இப்ப வர்றார். இன்னையோட அவ கடைக்குப் பூட்டு."

மிக்சி கழுவிக்கொண்டிருந்த மைத்துனன் கையை நிறுத்தினான்.

"ஆபீசரையெல்லாம் எதுக்கு மாமா இந்தப் பக்கம் இழுக்கிறீங்க? தேனீ நம்ம கடைக்கா வருது?"

"வரலைங்கிறதைத்தானேடா காட்டப் போறேன்."

ஆபீசர் வந்தார். பக்கத்துக் கடைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஆரஞ்சுத் தோல், மாங்கொட்டை, மிச்சம் வைத்த கப்புகள். எல்லாவற்றின் மேலும் தேனீ.

"என்னம்மா இது?"

"அடிக்கவும் மனசு வரலை சார், விரட்டினாலும் போக மாட்டேங்குது. டீச்சர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். கடையை மட்டும் மூடச் சொல்லிடாதீங்க. வீட்டுல அடுப்பெரியறதே இதாலதான்."

பளிச் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் புகுந்தார்.

"ஏம்மா, கண்ணைக் கசக்கிட்டா ஆச்சா? தொழில்னா சுத்தம் வேணும். சார், நம்ம தொட்டியையும் ஒரு தடவை வந்து பார்த்துடுங்க. அதே ஜூஸ், அதே கப்பு. காலையிலேர்ந்து போட்டது போட்டபடி கிடக்கு."

உள்ளேயிருந்து மைத்துனன் இருமினான். பளிச் காதில் வாங்கவில்லை. தன் தொட்டியின் மூடியை எடுத்துச் சுவரில் சாத்தினார்.

"மூடிகூடத் தேவையில்லை நம்ம தொட்டிக்கு."

உள்ளே கழுத்துவரை கப்புகள். அடியில் மஞ்சளும் சிவப்புமாக மிச்சம் தேங்கிக் கிடந்தது. பக்கத்துக் கடைத் தொட்டியிலிருந்து இரண்டு தேனீக்கள் பறந்து வந்து ஒரு கப்பின் விளிம்பில் உட்கார்ந்தன. உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து, வந்த வழியே போய்விட்டன.

"பார்த்தீங்களா சார்? நம்ம சுத்தத்துக்குப் பயந்து அதுவா ஓடுது."

மைத்துனன் மறுபடி இருமினான்.

"தண்ணி குடிடா" என்றார் பளிச்.

ஆபீசர் தொட்டிப் பக்கம் குனிந்தார். ஒரு கப்பை எடுத்து முகர்ந்தார். தலைக்கு மேலே 'நூற்றுக்கு நூறு பழம்' என்று எழுதியிருந்த போர்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"மூடி போட்ட தொட்டியா ஒண்ணு வாங்கும்மா. கப்பை அலசிட்டுப் போடு. தொட்டியைத் தினம் கழுவி, ஆள் உட்கார்ற இடத்தைவிட்டுத் தள்ளி வை. தேனீ தானா குறைஞ்சிடும். கடையை மூட வேண்டாம்."

அவளுக்கு உயிர் வந்தது. பளிச்சுக்கு முகம் தொங்கிப்போனது.

"அவ்வளவுதானா சார்? இத்தனை தேனீ மொய்க்குது, ஒரு நடவடிக்கையும் கிடையாதா?"

"இருக்கே" என்று ஆபீசர் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அந்தத் தொட்டிக்குத் தேனீ ஏன் வருதுன்னு எனக்குத் தெரியும், அங்க பழம் இருக்கு. உங்க ஜூஸ் கொஞ்சம் இதுல ஊத்துங்க. இங்க ஒண்ணுகூட ஏன் தங்கலைன்னு பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கணும்."