பின்பாட்டுக்கு விட்ட இடம்

ரெக்கார்டிங் பெட்டியின் இரண்டாவது துளையிலிருந்த வயரைப் பிடுங்கிய பிறகும் கம்ப்யூட்டரில் இரண்டாவது ஒலிக்கோடு அசைந்தது. அண்ணன் பதுளை டவுனில் பழசாக வாங்கிவந்த பெட்டி அது. மைக் ஒன்றுதான். இரண்டாவது துளையில் இப்போது எதுவுமே சொருகியிருக்கவில்லை.

"பேய் புடிச்ச பொட்டிய நம்ம தலையில கட்டிட்டானுங்க தங்கச்சி," என்று அண்ணன் சிரித்தான். கம்ப்யூட்டரில் அதன் டிரைவர் சாப்ட்வேரை அழித்து மறுபடி போட்டான். யூஎஸ்பி வயரையும் மாற்றினான். நான் திரும்பப் பாடினேன். கோடு திரும்ப அசைந்தது.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். நாலு மாதமாகப் போன் இல்லை. ஏஜென்சியில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். அவள் முகவரிக்கு சீடியில் அனுப்பத்தான் என் பாட்டைப் பதிந்தோம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் நடக்கும் வெள்ளிக்கிழமை பஜனையில் ஒருவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அம்மா அங்கே கூடச் சேர்ந்து பாடட்டும் என்று ஒவ்வொரு வரிக்குப் பிறகும் இடம் விட்டிருந்தேன்.

அந்த இடங்களில் மட்டும்தான் கோடு அசைந்திருந்தது.

அண்ணன் சத்தத்தைக் கூட்டினான். அந்த இடங்களில் அம்மாவின் குரல் என் வரிகளைத் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்கி வாங்கி.

வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று கேட்டார். "இன்னொருக்கா பாடு புள்ள," என்றார். "அவளுக்கு ரொம்ப எளைக்குது. மெதுவாப் பாடு."

அன்றிலிருந்து தினமும் பாடுகிறேன். அந்தக் குரல் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வருகிறது. இன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கு நான் பாடாவிட்டால் அம்மா என்ன ஆவாள்?