வியாழக்கிழமை விழா

சீனப் பட்டு நூலுக்கு வரியைக் குறைத்து டில்லியில் ஒரே உத்தரவு. குடுபல்லியில் எங்கள் பட்டுக்கூட்டின் விலை விழுந்தது. பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டைச் செடியை விவசாயிகள் பிடுங்கிவிட்டால், தழை வெட்டும் கூலி எனக்கும் போய்விடும்.

“சபையைக் கேக்காம எப்படிக் குறைச்சீங்கன்னு பார்லிமெண்டுல எழுந்து கேக்கறேன்,” என்று எங்கள் எம்.பி. வாக்குக் கொடுத்தார்.

“முன்னாடியே பாராட்டு விழா வெச்சுட்டா, அப்பால பேச்சு மாற மாட்டாரு,” என்றார் எங்கள் ஊர்ப் பட்டு நூலை வாங்கி விற்கும் ரங்கையா. பந்தல், சாப்பாடு எல்லாம் அவர் செலவு. வியாழக்கிழமை என்று நாள் குறித்ததும் அவர்தான்.

அன்று எம்.பி.யைத் தோளில் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். பந்தியில் என்னோடு தழை வெட்டும் அண்ணாதுரை அவரைக் கேட்டான்.

“எப்ப சார் எய்ந்து கேக்கப் போறீங்க?”

“இன்னிக்குத்தான்யா சபையில என் முறை. கேக்கற ஆளு இல்லன்னா அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. இன்னா பண்றது? வரலன்னா ஊரே கோச்சுக்கும்னு ரங்கையா காரே அனுப்பிட்டாரே.”

ரங்கையாவைத் தேடினோம். காணவில்லை.

“உங்க மொதலாளி எங்கய்யா?” என்று கார் டிரைவரைக் கேட்டேன்.

அவன் இலையிலிருந்து நிமிராமல் சொன்னான்.

“மெட்ராஸ் ஹார்பர்ல. சீன நூலு அவருக்குக் கப்பல்ல வந்து எறங்கிக்கினு இருக்குது.”