அஞ்சாம் நம்பர்

"ரெண்டாயிரம் மச்சான்! ராணுவத்து ஆர்டர்!"

மைத்துனன் காகிதத்தை மேசைமேல் ஓங்கி வைத்தான். பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரப்பர் தூள் படிந்த அந்த மேசையில் ஏற்கெனவே இன்னொரு காகிதம் கிடந்தது. மகள் ராணுவத்தில் சேர்வதற்கான விண்ணப்பம். இன்னும் இருபத்தொரு வயது ஆகவில்லை; அப்பா கையெழுத்து வேண்டும். நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மணி மூன்றரை.

வாசலில் மகளின் ஸ்கூட்டர் ஹாரன் விடாமல் அலறியது.

"போட்டுத்தான் குடுங்களேன்," என்றாள் மனைவி. "சண்டையே வராதுன்னு காலையிலகூட அமைச்சர் டிவியில அடிச்சுச் சொன்னாரு. ரெண்டு வருஷம் பரேட் பண்ணிட்டு வந்து நிக்கப்போறா."

"வந்தாத்தான் என்னக்கா?" மைத்துனன் சிரித்தான். "நாட்டுல பணம் புரளும். மாசம் நாப்பது செய்யறதுக்கே நாம ததிங்கிணத்தோம் போட்டோம். இப்பப் பாரு!"

"புரளாதுடா. இடம் மாறும், அவ்வளவுதான்." விளக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் பட்டறைக்காரர் விடமாட்டார். "இந்த ரப்பர் சைக்கிள் டயருக்குப் போக வேண்டியது. அந்த அலுமினியம் யாரோ ஒருத்தி வீட்டுல பாத்திரமாகணும். எல்லாத்தையும் இங்க இழுத்துட்டா, டயர் கிடைக்காம நடந்து போறவன் உன் கண்ணுல படமாட்டான். அவன் கட்டுன வரியிலதான் உனக்கு இந்த ஆர்டரே வருது."

"ஆரம்பிச்சுட்டாருக்கா உன் வீட்டுக்காரரு! நான் அச்சைச் சூடு பண்ணவா, பாடம் படிக்கவா?"

"அளவு என்னென்ன கேட்டிருக்காங்க?"

"எட்டும் ஒம்பதும்தான் நெறைய. அஞ்சாம் நம்பர்கூட ஒரு நூறு இருக்கு."

"நம்ம பொண்ணு அளவு," என்றாள் மனைவி, அட்டைப்பெட்டியை ஒட்டிக்கொண்டே.

பேனாவின் மூடியைக் கழற்றிய பட்டறைக்காரரின் கை அப்படியே நின்றது.

"எப்ப வேணுமாம்?"

"ஆறு மாசத்துல. பேரமே பேசல மச்சான். நாம சொன்ன விலைக்குத் தலையாட்டிட்டாங்க!"

"பேரம் பேசலயா?" அவர் ஆர்டரை எடுத்து முதலிலிருந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். "அமைச்சர் வாயால சொல்றதுக்குக் காசு செலவில்லடா. ஆர்டர் போடத்தான் செலவு. நான் எதை நம்பறது?"

விண்ணப்பத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

ஹாரனை நிறுத்திவிட்டு மகள் உள்ளே ஓடி வந்தாள். "என்னப்பா பண்ணிட்டீங்க! சண்டைதான் வராதுங்கறாங்களே!"

அவர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மகள் கையில் வைத்தார்.

ஒரு செயற்கைக் கால். இடது, அஞ்சாம் நம்பர்.